சாளர நிரலின் வெளியீடு கட்டளை வரியைச் சேரும் வழிகள்

கணினியில் இயங்கும் நிரல்களைப் பயனரின் நோக்கில் இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றைத் திரையில் வரைந்துகொண்டு சுட்டியின் சொடுக்குக்காகக் காத்திருப்பவை ஒரு வகை. கட்டளை வரியில் பெயரைத் தட்டச்சிட்டதும் இயங்கி, விடையை எழுத்துகளாக அங்கேயே அச்சிட்டுவிட்டு முடிந்துபோகிறவை மற்றொரு வகை. முன்னதைச் சாளர நிரல் என்றும் பின்னதைக் கட்டளை வரி நிரல் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. ஆனால், ஒரே நிரல் இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டிய தேவை நடைமுறையில் ஓயாமல் எழுகிறது. சொல்செயலி ஒன்று நூறு ஆவணங்களைச் சாளரம் திறக்காமலேயே பிடிஎஃப் கோப்புகளாக மாற்றித் தர வேண்டியிருக்கலாம். வரைகலை நிரல் ஒன்று தன் பதிப்பு எண்ணைக் கேட்டவுடன் சொல்ல வேண்டியிருக்கலாம். இரவு முழுவதும் தானாக இயங்கிய நிரல் எந்தக் கோப்பில் தடுமாறி நின்றது என்பதைக் காலையில் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். இத்தகைய வசதியைச் சேர்க்க முனையும் நிரலர் முதலில் சந்திப்பது ஒரு மௌனத்தை: அச்சிடும் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் இயங்கி முடிகிறது, கட்டளை வரியிலோ ஓர் எழுத்துகூடத் தோன்றுவதில்லை. இந்த மௌனத்துக்கான காரணத்தை அச்சிடும் கட்டளையில் தேடுவதால்தான் பலரும் நாள்கணக்கில் அலைக்கழிகின்றனர். வெளியீடு எங்கே போய்ச் சேரும் என்பது நிரலின் முதல் வரி இயங்குவதற்கு முன்பே, அதைத் தொடங்கிவைத்தது யார், தொடங்கும்போது எதைக் கையில் கொடுத்தனுப்பியது என்பதைப் பொறுத்துத் தீர்மானமாகிவிடுகிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு நிரல் தொடங்கும்போது அதற்கு மூன்று தடங்கள் திறந்த நிலையிலேயே கிடைக்கின்றன. 0 என்ற எண்ணுடையது செந்தர உள்ளீடு. 1 செந்தர வெளியீடு. 2 செந்தரப் பிழைத்தடம். சி மொழியில் எழுதுவோர் இவற்றை எஸ்டிடி-இன், எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர் என்று பேச்சில் குறிப்பிடுவர். தன் 1ஆம் தடத்தின் மறுமுனையில் இருப்பது கட்டளை வரி தோன்றும் முனையமா, கோப்பா, வேறொரு நிரலா என்பதை நிரல் அறிந்துகொள்ளத் தேவையில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் ஒவ்வொரு நிகழ்வையும் ப்ராசஸ் என்பர். புதிய ப்ராசஸ் தன்னைத் தோற்றுவித்த தாய் ப்ராசஸிடமிருந்து இம்மூன்று தடங்களையும் பிறப்புரிமையாகப் பெறுகிறது. பயனர் தட்டச்சிடும் கட்டளைகளைப் படித்து நிரல்களைத் தொடங்கிவைக்கும் ஷெல், தான் எந்த முனையத்தோடு பேசுகிறதோ அதையே தன் சேய்களுக்கும் கொடுக்கிறது. பயனர் கேட்டுக்கொண்டால் முனையத்துக்குப் பதிலாக ஒரு கோப்பையோ குழாயையோ பொருத்திக் கொடுக்கிறது. பெல் ஆய்வகத்தில் 1973ஆம் ஆண்டு யூனிக்ஸில் பைப் எனப்படும் குழாய் இடம்பெற்று, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்க முடிந்தது இந்தப் பிறப்புரிமை ஏற்பாட்டின் பலனே ஆகும்.

சாளரங்கள் வந்த பிறகும் யூனிக்ஸில் இந்த ஏற்பாடு குலையவில்லை. எம்ஐடி நிறுவனத்தில் 1984இல் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர அமைப்பில், திரையில் கோடும் எழுத்தும் வரைகிற பொறுப்பு எக்ஸ் சர்வர் என்ற தனி நிரலுக்கு உரியது. சாளரம் வேண்டும் நிரல் அந்தச் சர்வரோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, இதை வரை, அதை அழி என்று செய்தி அனுப்புகிறது. அந்த இணைப்பு முன்சொன்ன மூன்று தடங்களுக்கும் அப்பால், நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ திறக்கப்படும் இன்னொரு தடம் மட்டுமே. ஆகவே யூனிக்ஸின் கண்ணில் சாளர நிரல் என்றொரு தனி இனம் கிடையாது. முனையத்தில் பெயரைத் தட்டச்சிட்டு ஒரு படத்தொகுப்பு நிரலைத் திறந்தால், சாளரம் ஒருபுறம் விரிய, அந்நிரல் அச்சிடும் எச்சரிக்கைகள் முனையத்தில் வரிவரியாக ஓடுவதை லினக்ஸ் பயனர் எவரும் கண்டிருப்பர்.

அதே நிரலைப் பட்டியலில் உள்ள படவுருவைச் சொடுக்கித் தொடங்கும்போது தாய் மாறிவிடுகிறது. தாயோடு தடங்களும் மாறுகின்றன. முனையத்துக்குப் பதிலாக மேசைத்தளச் சூழலே இப்போது நிரலைத் தோற்றுவிப்பதால், வெளியீடு அச்சூழலின் தடத்தில் கலக்கிறது. நெடுங்காலம் அது பயனரின் வீட்டு அடைவில் எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ் என்ற மறைகோப்பில் குவிந்துகொண்டிருந்தது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி பரவிய பின்னர் பெரும்பாலான வினியோகங்களில் அது ஜர்னல் என்னும் பதிவேட்டைச் சேர்கிறது, ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அதைத் தேடி எடுக்கலாம். முனையம் கட்டாயம் வேண்டும் என்றால், நிரலின் டெஸ்க்டாப் கோப்பில் டெர்மினல் என்ற விசைக்கு ட்ரூ என்ற மதிப்பைத் தந்துவிட்டால், சூழலே ஒரு முனையத்தைத் திறந்து அதற்குள் நிரலை இயக்கும். மேக் கணினிகளின் நிலையும் இதற்கு நெருக்கமானதே. அங்கு ஆப் என்று முடியும் பொதி உண்மையில் ஓர் அடைவு. அதன் உள்ளே கன்டென்ட்ஸ், அதற்குள் மேக்ஓஎஸ் என்ற அடைவுகளில் இருக்கும் இயக்குகோப்பை முனையத்திலிருந்து நேராக அழைத்தால் வெளியீடு முனையத்துக்கே வருகிறது. ஓபன் கட்டளை வழியாகவோ சொடுக்கியோ தொடங்கினால், இயக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் தொடக்கச் சேவைக்குப் போய்விடுவதால் முனையத்துக்கும் நிரலுக்கும் உறவு அற்றுவிடுகிறது.

விண்டோஸில் இச்சிக்கல் வேறு ஆழத்துக்குச் செல்கிறது. அங்கு சாளர நிரலும் கட்டளை வரி நிரலும் பிறப்பிலேயே பிரிக்கப்பட்ட இரு இனங்கள். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டியோடு அறிமுகமான பிஇ என்னும் இயக்குகோப்பு வடிவத்தில், கோப்பின் தலைப்பகுதியில் சப்சிஸ்டம் என்ற இரண்டு பைட் அளவுள்ள ஒரு புலம் உண்டு. அதில் 2 என்ற எண் இருந்தால் நிரல் சாளர இனம். 3 இருந்தால் கன்சோல் இனம். கன்சோல் என்பது எழுத்துகளைக் காட்டவும் விசைகளை வாங்கவும் விண்டோஸ் வைத்திருக்கும் தனி அமைப்பு. நிரலைத் தொடங்கும்போது இயங்குதளம் இந்த எண்ணைப் பார்க்கிறது. 3 என்றால், தாய்க்கு ஒரு கன்சோல் இருக்குமானால் அதோடு சேயை இணைக்கிறது, இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கித் தருகிறது. கோப்பு உலாவியில் ஒரு கட்டளை வரி நிரலைச் சொடுக்கியவுடன் கறுப்புச் சாளரம் ஒன்று தோன்றி மறைவது இதனால்தான். 2 என்றால், தாய்க்குக் கன்சோல் இருந்தாலும் சேயை அதோடு இணைப்பதில்லை. நிரலுக்குள் அச்சிடும் கட்டளை ஆயிரம் முறை இயங்கினாலும் எழுதுவதற்கு மறுமுனை கிடையாது. இந்த எண்ணை நிரலர் நேரில் எழுதுவதில்லை. மைக்ரோசாஃப்ட் இணைப்பிக்குத் தரும் சப்சிஸ்டம் விருப்பமும், ரஸ்ட் மொழியில் 2017இல் 1.18 பதிப்போடு வந்த பண்புக்குறியும், கோ மொழியின் விண்டோஸ்ஜியுஐ விருப்பமும் கடைசியில் இந்த இரண்டு பைட்டுகளைத்தான் மாற்றுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் பல விளக்கங்களில் விடுபட்டுப்போகிறது. கன்சோலோடு இணைப்பு இல்லை என்பதற்கு வெளியீட்டுத் தடமே இல்லை என்பது பொருளன்று. சாளர நிரல் ஒன்றின் பெயரை எழுதி, அருகே ‘விடப் பெரிது’ குறியிட்டு ஒரு கோப்பின் பெயரைத் தந்தால், விண்டோஸின் ஷெல்லான கமாண்ட் ப்ராம்ப்ட் அக்கோப்பைத் திறந்து அதன் ஹேண்டிலை, அதாவது கோப்பைப் பிடித்துக்கொள்ளும் அடையாள எண்ணை, சேயின் செந்தர வெளியீடாகக் கொடுத்துவிடுகிறது. நிரல் சாளர இனமாக இருந்தும் எழுத்துகள் கோப்பில் விழுகின்றன. நிரலின் பெயரை அடுத்துக் குழாய்க் குறியிட்டு மோர் என்ற கட்டளையை எழுதினாலும் இதுவே நிகழ்கிறது: சாளர நிரல் குழாயில் எழுதுகிறது, கன்சோல் இனத்தைச் சேர்ந்த மோர் அதைப் படித்துத் திரையில் காட்டுகிறது. ஒரு வரி மாற்றாமல், மறுமுறை கம்பைல் செய்யாமல், வாய்மூடி இருந்த நிரல் பேசத் தொடங்குவதைப் பார்க்கும்போது குறை அச்சிடும் கட்டளையில் இல்லை என்பது ஐயமற விளங்குகிறது. அவசரத்தில் காரணம் அறிய விரும்புவோருக்கு இதைவிட எளிய கருவி கிடையாது.

நிரலையே திருத்த முன்வருவோர் பெரும்பாலும் முதலில் கைக்கொள்வது அட்டாச்கன்சோல் என்னும் செயல்கூறு. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து கிடைக்கும் இதற்குத் தாய் ப்ராசஸைக் குறிக்கும் சிறப்பு மதிப்பைக் கொடுத்தால், சாளர நிரல் தன் தாயின் கன்சோலோடு தன்னைத் தானே இணைத்துக்கொள்ளும். இணைந்தால் மட்டும் போதாது. சி மொழியின் நூலகம் நிரல் தொடங்கிய நொடியிலேயே தடங்கள் வெற்று என்று குறித்து வைத்திருப்பதால், கன்அவுட் என்ற சொல்லோடு டாலர் குறி சேர்ந்த சிறப்புப் பெயரைத் திறந்து தடத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. பயனர் வெளியீட்டை ஏற்கெனவே கோப்புக்குத் திருப்பியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு தடத்தைப் புதுப்பிக்கும் நிரல் அந்தத் திருப்பலை அழித்து, கோப்பை வெறுமையாக விட்டுவிட்டுத் திரையில் எழுதிவிடும். ஆகையால் செந்தர வெளியீட்டின் ஹேண்டில் முன்பே செல்லுபடியாகிறதா என்று சோதித்து, செல்லுபடியாகாதபோது மட்டுமே கன்சோலைத் திறப்பது முறையாகும்.

இத்தனைக்குப் பின்னும் அட்டாச்கன்சோல் வழியில் தீராத குறை ஒன்று தங்கிவிடுகிறது. பெயரைத் தட்டச்சிட்டு அழைக்கும்போது, கமாண்ட் ப்ராம்ப்ட் எந்தச் சாளர நிரலைத் தொடங்கினாலும் அது முடியும்வரை காத்திருப்பதில்லை. தொடங்கிய மறுகணமே அடுத்த கட்டளைக்கான குறியைக் காட்டிவிடுகிறது. நிரல் கன்சோலோடு இணைந்து எழுதத் தொடங்கும்போது அக்குறி ஏற்கெனவே திரையில் நிற்பதால், விடையின் முதல் வரி குறியின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் அச்சாகி முடிந்தபின் புதிய குறி வருவதில்லை, பயனர் என்டர் விசையைத் தட்டினால்தான் வருகிறது. நிரல் இன்னும் ஓடுகிறதா, முடிந்துவிட்டதா என்பதே அவருக்குத் தெரிவதில்லை. முடிவு எண்ணும், அதாவது வெற்றியா தோல்வியா என்று நிரல் இறுதியில் திருப்பித் தரும் மதிப்பும், அடுத்த கட்டளைக்குக் கிட்டாமல் போகிறது. இதை மறைக்கச் சிலர் நிரலின் முடிவில் என்டர் விசையைத் தாமே அழுத்தியதுபோல் ஒரு செய்தியைக் கன்சோலுக்குள் தள்ளுகின்றனர். பயனர் அந்த நேரத்தில் வேறொரு கட்டளையைப் பாதி தட்டச்சிட்டிருந்தால், அந்தப் பாதிக் கட்டளையை அந்தப் பொய் விசை இயக்கிவிடும். கோப்பை நீக்கும் கட்டளையாக அது இருந்தால் நேரும் இழப்பை ஈடுசெய்ய வழியில்லை. இந்த உத்தியை எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க இயலாது. ஸ்டார்ட் கட்டளையோடு வெய்ட் விருப்பத்தைச் சேர்த்து அழைத்தால் ஷெல் காத்திருக்கும் என்பதும், பேட்ச் கோப்புக்குள் இருந்து அழைத்தால் தானாகவே காத்திருக்கும் என்பதும் உண்மையே. ஆயினும், ஒவ்வொரு பயனரும் இவற்றை அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நிரலரின் பொறுப்பைப் பயனரின் தோளில் ஏற்றுவதாகும்.

எதிர்த்திசையில் செல்வோரும் உண்டு. நிரலைக் கன்சோல் இனமாகவே கட்டி, சொடுக்கித் தொடங்கப்பட்டால் கிடைக்கும் வேண்டாத கன்சோலை ஃப்ரீகன்சோல் செயல்கூறால் உடனே உதறிவிடுவது இவர்களது வழி. கட்டளை வரியில் இது குறையின்றி வேலை செய்கிறது: ஷெல் காத்திருக்கிறது, முடிவு எண் கிடைக்கிறது, குழாய்களும் கோப்புகளும் எதிர்பார்த்தபடி நடக்கின்றன. சொடுக்கித் தொடங்கும் சாதாரணப் பயனருக்கோ, ஒவ்வொரு முறையும் கறுப்புச் சாளரம் ஒன்று கண்சிமிட்டும் நேரம் தோன்றி மறைகிறது. தன் கணினியில் தீநிரல் ஏதோ நுழைந்துவிட்டதோ என்று அவர் அஞ்சுவதற்கு அந்த ஒரு கணம் போதும்.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே நீண்டகாலம் நிலைத்து நிற்பது இரட்டை இயக்குகோப்பு முறை. ஜாவாவோடு ஜாவா, ஜாவாடபிள்யூ என இரு கோப்புகள் வருவதும், பைத்தானோடு பைத்தான், பைத்தான்டபிள்யூ என இரு கோப்புகள் வருவதும் இதன் எளிய வடிவம். முதலாவது கன்சோல் இனம், இரண்டாவது சாளர இனம். இரண்டாவதைப் பயன்படுத்தும்போது பைத்தான் 3இல் செந்தர வெளியீட்டுக்குரிய பொருளே நன், அதாவது வெறுமை, என்ற மதிப்போடு இருக்கும். பைத்தான் 2 காலத்தில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது: வெளியீட்டுப் பொருள் இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, எழுதியதையெல்லாம் சுமார் 4 கிலோபைட் அளவுள்ள இடையகத்தில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், சேர்த்து, அது நிரம்பியவுடன் நிரலைப் பிழையோடு நிறுத்திவிடும். சோதனையின்போது நன்றாக ஓடிய நிரல், பயனரிடம் சென்று சில மணி நேரம் கழித்துச் செத்துப்போவதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எத்தனை கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டைக் கோப்பு முறையின் முதிர்ந்த வடிவத்தை மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் காணலாம். அதில் டெவ்என்வ் என்ற ஒரே பெயரில் ஒன்று இயக்குகோப்புகளின் வழக்கமான பின்னொட்டான எக்ஸ் என்றும் மற்றொன்று காம் என்றும் முடியும் இரு கோப்புகள் உள்ளன. காம் என்னும் பின்னொட்டு டாஸ் காலத்துச் சிறு நிரல்களுக்கு உரியது. விண்டோஸ் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே அதை இயக்குவதால், புதிய வகை இயக்குகோப்புக்கு அப்பழைய பின்னொட்டைச் சூட்டுவதில் தடையேதும் இல்லை. பின்னொட்டு இல்லாமல் வெறும் பெயரைத் தட்டச்சிட்டால் எந்தப் பின்னொட்டை முதலில் தேட வேண்டும் என்பதைக் கூறும் பாத்எக்ஸ்ட் என்ற சூழல் மாறியில் காம் முதலிடத்திலும் எக்ஸ் அடுத்தும் உள்ளன. எனவே கட்டளை வரியில் பெயரைத் தட்டச்சிடுவோருக்குக் கன்சோல் இனமான காம் கோப்பு கிடைக்கிறது. படவுருவோ எக்ஸ் கோப்பைச் சுட்டுவதால் சொடுக்குவோருக்குக் கறுப்புச் சாளரம் தோன்றுவதில்லை. காம் கோப்பு ஒரு மெல்லிய தூதுவன்தான்: எக்ஸ் கோப்பைத் தொடங்கி, அதன் தடங்களைத் தன் கன்சோலோடு பொருத்தி, அது முடியும்வரை காத்திருந்து, முடிவு எண்ணை ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. லிப்ரேஆஃபீஸும் இங்க்ஸ்கேப்பும் விண்டோஸில் இதே வழியைப் பின்பற்றுகின்றன. இப்போதுள்ள வழிகளில் பயனரிடம் எதையும் கேட்காமல், எந்தப் பொய்யும் சொல்லாமல் செயல்படுவது இதுவே என்பதால், பழைய விண்டோஸ் பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டிய நிரலுக்கு இதை முதல் தெரிவாகக் கொள்வது தகும்.

இயங்குதளமே இக்குறையை ஒப்புக்கொண்டு மாற்றுவழி தந்திருப்பது அண்மைக் காலத்தில்தான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, நிரலோடு இணைக்கப்படும் மேனிஃபெஸ்ட் என்னும் விவரக்குறிப்பில் கன்சோல் ஒதுக்கீட்டுக் கொள்கையைக் குறிப்பிட முடிகிறது. கன்சோல் இனமாகக் கட்டப்பட்ட நிரல், டிடாச்ட் என்ற கொள்கையை அறிவித்தால், ஷெல்லிலிருந்து தொடங்கும்போது தாயின் கன்சோலைப் பெறும். சொடுக்கித் தொடங்கும்போது புதுக் கன்சோல் எதுவும் உருவாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டே மதிப்புகளால் முடிவான ஒன்றுக்கு மூன்றாவதாக ஒரு நிலை இப்போது கிடைத்திருக்கிறது. பழைய பதிப்புகள் இவ்வறிவிப்பைப் பொருட்படுத்தாமல் கறுப்புச் சாளரத்தைத் திறந்துவிடும் என்பதால், இரட்டைக் கோப்பு முறை உடனே வழக்கொழியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தடம் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் கொள்ளலாகாது. சி நூலகம் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் அனுப்பாமல் இடையகத்தில் திரட்டிவைத்து மொத்தமாக அனுப்புகிறது. லினக்ஸில் செந்தர வெளியீட்டின் மறுமுனை முனையமாக இருந்தால் ஒரு வரி முடிந்ததும் அனுப்பும்; குழாயாகவோ கோப்பாகவோ இருந்தால் இடையகம் நிரம்பும்வரை, பொதுவாக 4096 பைட் சேரும்வரை, வைத்திருக்கும். கட்டளை வரி நிரல் சில நொடிகளில் முடிந்து, முடியும்போது இடையகத்தைக் காலி செய்துவிடுவதால் இது உறைப்பதில்லை. சாளர நிரலோ காலை முதல் மாலை வரை திறந்தே இருக்கிறது. மணிக்கு ஒரு வரி அச்சிடும் நிரலின் வெளியீட்டைக் குழாய் வழியே கண்காணிப்பவருக்கு நாள் முழுவதும் ஒன்றும் வராது. நிரல் இடையில் முறிந்துவிட்டாலோ, முறிவுக்குக் காரணம் சொல்லும் வரிகள் இடையகத்தோடு அழிந்துவிடும். மிகவும் தேவைப்படும் வேளையில் மிகவும் தேவையான வரிகளே காணாமல் போவது வருத்தத்துக்குரிய விஷயம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்வதும், அதாவது இடையகத்தைக் காலிசெய்வதும், விடைகளைச் செந்தர வெளியீட்டிலும் எச்சரிக்கைகளை இடையகமற்ற பிழைத்தடத்திலும் எழுதுவதும் இதற்குரிய மருந்து.

எழுதும் செயல் நிரலையே நிறுத்திவிடவும் கூடும். லினக்ஸில் ஒரு குழாய் இயல்பாக 65,536 பைட் கொள்ளும். மறுமுனையில் உள்ளவர் படிக்காவிட்டால், குழாய் நிரம்பிய பிறகு எழுத முயலும் நிரல் இடம் கிடைக்கும்வரை நின்றுவிடும். சாளரத்தை வரைவதும் சொடுக்குகளைக் கவனிப்பதும் ஒரே இழையில், அதாவது ஒரே செயல்வரிசையில், நடக்கும் நிரலில் அச்சிடுவதும் அதே இழையில் நடந்தால், சாளரம் முழுவதும் உறைந்துபோகும். விண்டோஸில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. கன்சோலில் க்விக்எடிட் வசதி இயக்கத்தில் இருக்கும்போது பயனர் அதன்மேல் தற்செயலாக ஒருமுறை சொடுக்கினால், எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கருதி விண்டோஸ் வெளியீட்டை நிறுத்திவைக்கிறது. அக்கன்சோலில் எழுத முயலும் நிரலும் அங்கேயே நிற்கிறது. நிரலின் சாளரம் வெளுத்துப்போய் எதற்கும் செவிசாய்க்காமல் கிடக்க, காரணமோ வேறொரு சாளரத்தில் பட்ட ஒரு சொடுக்கு. யூனிக்ஸில் படிக்கும் நிரல் முடிந்துவிட்டால் எழுதும் நிரலுக்கு சிக்பைப் என்ற சமிக்ஞை வருகிறது. அதைக் கையாளாத நிரல் அந்த இடத்திலேயே முடிக்கப்படுகிறது. முதல் பத்து வரிகளை மட்டும் காட்டும் ஹெட் கட்டளையோடு ஓர் ஆவணத் தொகுப்பியைப் பொருத்தினால், பத்து வரி காட்டி ஹெட் விடைபெற்ற பின் எழுதப்படும் அடுத்த வரியோடு, சேமிக்கப்படாத ஆவணமும் தொகுப்பியும் சேர்ந்தே போய்விடும். கட்டளை வரி நிரலுக்குப் பொருத்தமான இயல்பு சாளர நிரலுக்குக் கேடாக முடியும் இடம் இது.

ஒரே ஒரு நிகழ்வாக மட்டும் இயங்கும் சாளர நிரல்களில் கேள்வி இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. உலாவியோ தொகுப்பியோ ஏற்கெனவே திறந்திருக்கையில் அதே பெயரைக் கட்டளை வரியில் மீண்டும் தட்டச்சிட்டால், இரண்டாவது ப்ராசஸ் தனக்குக் கிடைத்த விவரங்களை முதலாவதிடம் ஒப்படைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. வேலையைச் செய்வது முதல் ப்ராசஸ். அது அச்சிடுவதோ தான் தொடங்கியபோது பெற்ற பழைய தடத்தில். கேட்டவர் ஒரு முனையத்தில் காத்திருக்க, விடை வேறொரு முனையத்திலோ பதிவேட்டிலோ விழுகிறது. க்னோம் சூழலின் நூலகம் இதற்கு நேர்த்தியான தீர்வு வைத்திருக்கிறது: கட்டளை வரியிலிருந்து வந்த கோரிக்கையை ஒரு பொருளாக முதல் ப்ராசஸிடம் தருகிறது, அப்பொருளின் அச்சிடும் செயல்கூறை அழைத்தால், எழுத்துகள் டி-பஸ் என்னும் செய்திப் பாதை வழியே இரண்டாவது ப்ராசஸுக்குச் சென்று, கேட்டவரின் முனையத்திலேயே தோன்றுகின்றன, முடிவு எண்ணும் அவ்வாறே போய்ச் சேர்கிறது. ஈமேக்ஸ் தொகுப்பியின் துணைநிரலான ஈமேக்ஸ்கிளையன்ட் இதே கருத்தைத் தன் வழியில் நிறைவேற்றுகிறது: ஈவால் விருப்பத்தோடு ஒரு கோவையைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸ் அதைக் கணக்கிட, விடையைத் துணைநிரல் தன் முனையத்தில் அச்சிடுகிறது.

சாளரத்தையே கட்டளை வரியின் உறுப்பாக்கிய நிரல்களும் உள்ளன. அவற்றைப் பார்க்கும்போது இக்கேள்வியின் மறுபக்கம் புலப்படுகிறது. ஜெனிட்டி என்ற நிரல் ஒரு சிறு உரையாடல் சாளரத்தைத் திறந்து, பயனர் தேர்ந்தெடுத்த கோப்பின் பெயரையோ எழுதிய சொல்லையோ செந்தர வெளியீட்டில் ஒரு வரியாக அச்சிட்டுவிட்டு முடிகிறது. ஒப்புக்கொண்டால் 0, விலக்கினால் 1 என முடிவு எண்ணையும் தருகிறது. டிமெனு என்ற நிரல் தன் உள்ளீட்டில் வரும் வரிகளைத் திரையின் விளிம்பில் பட்டியலாகக் காட்டி, தேர்ந்தெடுத்த வரியை அப்படியே வெளியே அனுப்புகிறது. குழாயின் நடுவே மனிதரின் தீர்ப்பு ஒரு வடிகட்டியாக நிற்பதற்கு இவை இடந்தருகின்றன.

தமிழில் வெளியிட விரும்பும் நிரலுக்கு, தடம் திறந்து, இடையகமும் காலியான பிறகும், எழுத்துக் குறியாக்கம் என்னும் வாயில் ஒன்று பாக்கியிருக்கிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் கொள்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் ஆன தமிழ் என்ற சொல் 15 பைட். அமெரிக்க ஆங்கில விண்டோஸில் கன்சோல் இயல்பாக 437 என்ற பழைய குறிப்பக்கத்தை, அதாவது பைட்டுகளை எழுத்துகளோடு பொருத்தும் அட்டவணையை, பின்பற்றுகிறது. அதில் ஒரு பைட் ஓர் எழுத்து. தகரத்தின் மூன்று பைட்டுகளும் அங்கே கிரேக்க ஆல்ஃபாவாகவும், இடப்பக்கம் நோக்கிய இரட்டைக் கோணக் குறியாகவும், அலைக்குறி தாங்கிய ஸ்பானிய எழுத்தாகவும் தோன்றும். தமிழ்க் குறிகள் அனைத்தும் ஒரே பைட்டில் தொடங்குவதால், எந்தத் தமிழ் வாக்கியமும் ஆல்ஃபாக்களின் அணிவகுப்பாகிவிடுகிறது. பல மொழிகளுக்கு விண்டோஸ் தனிக் குறிப்பக்கம் வைத்திருக்க, தமிழ் யூனிகோடு வழியாக மட்டுமே ஆதரிக்கப்படும் மொழிகளுள் ஒன்று. அதனால் கணினியின் வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் பழைய முறை நிரல்கள் தமிழை அச்சிட மாட்டா. கன்சோலின் குறிப்பக்கத்தை யுடிஎஃப்-8ஐக் குறிக்கும் 65001க்கு மாற்றுவது ஒரு வழி. மறுமுனை கன்சோல்தான் என்று உறுதிசெய்துகொண்டு அதற்கென உள்ள யூனிகோடு செயல்கூறால் எழுதுவது இன்னொரு வழி. பைத்தான் 3.6 இரண்டாவதை மேற்கொண்டதால் அதன் தமிழ் வெளியீடு கன்சோலைச் சரியாகச் சென்றடைகிறது; ஆனால் அதே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், அப்பதிப்பு கணினியின் பழைய குறிப்பக்கத்துக்குத் திரும்பி, தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லாமல் பிழையோடு நிற்கிறது. 3.7இல் வந்த யுடிஎஃப்-8 முறையை இயக்கினால் இது தீரும்.

சென்று சேர்ந்த பைட்டுகளே காட்டும் உருவத்துக்குப் பொறுப்பல்ல என்பதையும் பிரித்தறிய வேண்டும். பழைய விண்டோஸ் கன்சோல் ஒவ்வொரு குறியையும் தனிக் கட்டத்தில் வைப்பதால் கொம்பும் காலும் மெய்யோடு சேராமல் பிரிந்து நிற்கும். கட்டங்களின் அகலம் ஒன்றாக இருக்க, ஞௌ போன்ற எழுத்துக்குப் பல மடங்கு அகலம் வேண்டும். எனவே திரையில் எழுத்து குலைந்திருப்பதைக் கொண்டு நிரலைக் குற்றஞ்சாட்டுவது பிழையாகலாம். தமிழ் என்ற ஒரு சொல்லை மட்டும் கோப்பில் எழுதச் செய்து, வரிமுடிவை நீக்கிக் கோப்பின் அளவைப் பார்ப்பது இதைவிட நம்பகமான சோதனை. 15 பைட் இருந்தால் யுடிஎஃப்-8 சேதமின்றிச் சேர்ந்திருக்கிறது. 5 பைட் இருந்தால் ஐந்து குறிகளும் ஐந்து கேள்விக்குறிகளாக மாறியிருக்கின்றன. இழந்ததை மீட்க முடியாது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 வழியாகத் திருப்பப்பட்ட கோப்பு 12 பைட் இருந்தால், அந்த ஷெல் எழுத்துகளைச் சரியாகப் புரிந்துகொண்டு, இரண்டு பைட் தொடக்கக் குறியோடு யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதியிருக்கிறது. 32 பைட் இருந்தால், வந்த 15 பைட்டுகளையும் பதினைந்து தனி எழுத்துகள் என்று அது தவறாகப் படித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டாக விரித்திருக்கிறது. இங்கே நிரல் சரியானதையே அனுப்பியிருக்கிறது, திருத்த வேண்டியது ஷெல்லின் குறியாக்க அமைப்பை. பவர்ஷெல் 7.4 முதல் இந்த இடைப்படிப்பு கைவிடப்பட்டு, நிரல் எழுதிய பைட்டுகள் அப்படியே கோப்பைச் சேர்கின்றன.